நான் சொல்லாமல் ஏறியவர்கள்

ஈசிஆர் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு யாரும் போட்டி போடுவதில்லை. மரக்காணத்தில் ஏறி உட்கார்ந்தால் கோட்டக்குப்பம் போவதற்குள் குடல் வாய்க்கு வந்து திரும்பிப் போகும். அந்தச் சீட்டில்தான் நான் பல வருடமாக வேலைக்குப் போய் வருகிறேன். “ஏம்மா, முன்னாடி சீட்டு காலியா இருக்குதே” என்று கண்டக்டர்கள் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். கடைசி சீட்டுக்குப் பின்னால் ஆள் கிடையாது, தகரம்தான். எனக்கு அந்தத் தகரம் வேண்டும்.

மாதா கோயிலிலும் எனக்குக் கடைசி பெஞ்சுதான், அதிலும் சுவர் ஓரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசேயரையும், கோயிலில் பின்னால் தள்ளி நின்ற வரிதண்டுபவரையும் பற்றிப் பிரசங்கம் வைத்த ஃபாதர், “நம்ம கோயில்லயும் ஒருத்தங்க இருக்காங்க, எவ்வளவு இடம் இருந்தாலும் கடைசியில போய் நிப்பாங்க, அதுக்குப் பேருதான் தாழ்ச்சி” என்று என்னைக் காட்டிவிட்டார். மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. எனக்குத் தாழ்ச்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முதுகுக்குப் பின்னால் யாராவது நின்றால் எனக்கு மூச்சு முட்டும், உள்ளங்கை வேர்க்கும், காது அடைத்துக்கொள்ளும். ஆண்டவரை நிம்மதியாகக் கும்பிட வேண்டுமென்றால் எனக்குச் சுவர் தேவை.

வேலை பார்ப்பது கோட்டக்குப்பத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில். டி.ஃபார்ம் படித்தவள். வேலை கேட்டுப் போன அன்று, முதலாளி பாய் சம்பளம் சொல்வதற்கு முன்பே எனக்குக் கடை பிடித்துவிட்டது. கவுண்டரில் நின்றால் முதுகுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரைக்கும் மருந்து அலமாரி. அந்த அலமாரியைப் பார்த்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன் என்று இன்று வரைக்கும் அவரிடம் சொன்னதில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என் முதுகில் ஆட்கள் ஏறினார்கள். அஞ்சாம் வகுப்பில் ஆரம்பித்து எட்டாம் வகுப்பு வரைக்கும் ஏறினார்கள். அதனால்தான் தகரம், சுவர், அலமாரி எல்லாம்.

உப்பு மூட்டை விளையாட்டு எல்லாருக்கும் தெரியும். ஒரு பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு, “உப்பு வாங்கலியோ உப்பு” என்று கூவிக்கொண்டே சுற்றி வருவது. அப்பாமார் பிள்ளைகளைத் தூக்குவார்கள், அண்ணன் தங்கையைத் தூக்குவான். எங்கள் வகுப்பில் என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நான் வயதுக்கு மீறி வளர்ந்திருந்தேன், பலமாக இருந்தேன், என் அம்மா உப்பளத்தில் உப்பு சுமந்துகொண்டிருந்தாள். “உங்கம்மா நெசமான உப்பு தூக்குறாங்க, நீ எங்களத் தூக்கு” என்று சொன்னவள் உப்பள மேஸ்திரியின் மகள். முதல் நாள் நான் சிரித்துக்கொண்டேதான் தூக்கினேன். அவளோடு விளையாடக் கூப்பிட்டாளே என்று எனக்குப் பெருமை. அந்த முதல் நாள் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் பிற்பாடு எல்லாரும் பேசினார்கள், “நீதானடி ஒத்துக்கின” என்று.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. மத்தியான சாப்பாட்டு மணி அடித்து, குழாயடியில் தட்டு கழுவிவிட்டு நிமிர்வேன், பின்னாலிருந்து ஒருத்தி ஓடி வந்து தாவுவாள். எப்போது வருவாள் என்று தெரியாது. கழுத்தைச் சுற்றிக் கை விழும், முட்டி இரண்டும் இடுப்பில் இடிக்கும். குழாயடியிலிருந்து மைதானத்தைத் தாண்டிப் புங்க மரம் வரைக்கும் போக வேண்டும், கூவிக்கொண்டே போக வேண்டும். வழியில் மற்றவர்கள் வந்து என் கையைக் கிள்ளுவார்கள். “கல்லுப்பா, தூளுப்பா?” என்று கேட்டுக் கிள்ளுவார்கள், விரலை நாக்கில் வைத்து, “த்தூ, கரிக்குது” என்பார்கள். ஒருத்தி இறங்கினால் அடுத்தவள். “எறங்குடி, எறங்குடி” என்று கத்துவேன். புங்க மரம் வந்தால்தான் இறங்குவார்கள். சில நாள் மரம் வந்தும் இறங்க மாட்டார்கள்.

மேஸ்திரி மகளிடம் ஒரு விசேஷம் இருந்தது. என் முதுகில் ஏறுவாள், கழுத்தைக் கட்டிக்கொள்வாள், என் டம்ளரில் தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டாள். நான் எந்தத் தெரு என்று அவளுக்குத் தெரியும். முதுகுக்கு மட்டும் தெரு கிடையாது போலிருக்கிறது.

டீச்சர் ஒருத்தர் வராண்டாவில் நின்று இதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “நல்ல பலசாலிடி நீ” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா பழையது பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதை நிறுத்தாமல், “போனா போவுது, வெளையாட்டுதானே” என்றாள். மேஸ்திரி நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அம்மா சொல்லாமல் விட்டது அதுதான் என்று எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்ததால் வலி குறையவில்லை. எனக்கு அம்மா மேல் கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன், யாரும் வந்து எடுத்துப் போட வேண்டாம்.

எட்டாம் வகுப்போடு அது நின்றதற்கு யாரும் காரணமில்லை. மேஸ்திரி மகளைப் புதுச்சேரி கான்வென்டில் சேர்த்தார்கள், தலைவி போனதும் கூட்டம் கலைந்தது. நின்றுபோனது பள்ளிக்கூடத்தில்தான். என் உடம்பில் நிற்கவில்லை. சமைக்கும்போது வாசல் பக்கம் முகத்தை வைத்து ஒருக்களித்து நின்றுதான் சமைப்பேன். பின்னலை எப்போதும் முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்வேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஆசையாகப் பின்னால் வந்து கட்டிப்பிடித்தார், நான் வீசிய முழங்கையில் அவர் உதடு கிழிந்தது. வேன் ஓட்டுகிற மனுஷன், ஹாரன் அடிக்காமல் பக்கத்தில் வரக் கூடாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டார். இன்று வரைக்கும் தொண்டையைச் செருமிவிட்டு, சுற்றிக்கொண்டு முன்பக்கமாகத்தான் வருவார். நல்ல ஆள். ஆனால் அவரும் ஒரு நாள், “அதெல்லாம் உன்ன ஸ்ட்ராங்காக்கிச்சு, அப்படி நெனச்சுக்கயேன்” என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். நான் முதலிலேயே ஸ்ட்ராங்காகத்தான் இருந்தேன். அதனால்தானே என் முதுகைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதை எனக்குக் கொடுத்ததாகச் சொன்னால் எப்படி ஒத்துக்கொள்வது?

இப்படியே இருந்து முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மகள் பிறந்தாள். இடுப்பில் தூக்கினேன், தோளில் சாய்த்துக்கொண்டேன், முதுகில் மட்டும் ஏற்றியதில்லை. அவளுக்குப் பேச்சு வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், “அம்மா, உப்பு மூட்டை.” “அப்பாகிட்டப் போ” என்பேன். அப்பா தூக்குவார். அவள் அவர் முதுகில் இருந்துகொண்டே என்னைப் பார்த்து, “அடுத்தது அம்மா” என்பாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஒரு நாள் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் நின்றாள். நான் கவனிக்காத நேரம் தாவிவிட்டாள். கழுத்தைச் சுற்றிக் கை விழுந்தது, முட்டி இரண்டும் இடுப்பில் இடித்தது. அதற்கப்புறம் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பார்க்கும்போது அவள் துணிக் குவியலில் மல்லாந்து கிடந்தாள். துணி மேல் விழுந்ததால் அடி இல்லை. அழவும் இல்லை. என்னை வேற்று ஆளைப் பார்ப்பது போலப் பார்த்து, “அம்மா, நான்தாம்மா” என்றாள்.

அன்றிலிருந்து அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டு நான் மறுத்த காலமெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. கேட்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை. அந்தக் கும்பல் என் முதுகை எடுத்துக்கொண்டது போதாதென்று, என் பிள்ளைக்கு உரியதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டதே என்று எரிந்தது. இனி ஒன்றும் விட்டுக் கொடுப்பதாக இல்லை என்று முடிவு செய்துதான் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன், ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு.

அந்தப் பிரிவின் சீட்டுகளை நான் கடையில் தினம் பார்க்கிறவள். மாத்திரையைப் பிரவுன் கவரில் போட்டு, பக்கத்தில் நிற்பவருக்குப் பெயர் தெரியாமல் மடித்துக் கொடுப்பேன். அதே மாத்திரையை எனக்கு எழுதிக் கொடுத்தபோது மட்டும் கை கூசியது. சர்க்கரைக்கு ஒருத்தர் மாத்திரை வாங்கினால் கவரைத் திருப்பிப் பிடிக்கிறாரா என்ன? கூச்சத்தோடேதான் போட்டேன். சில வாரத்தில் ராத்திரித் தூக்கம் வந்தது, அந்த மூச்சு முட்டல் குறைந்தது. மாத்திரையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்குத் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

கவுன்சிலிங் செய்தது என்னைவிட வயதில் சின்னப் பெண். முதல் நாளே என் நாற்காலியை நானே சுவர் ஓரம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். பல தடவை போனேன். பாதி நாள் எரிச்சலோடுதான் திரும்பினேன். ஒரு நாள் அவள் கேட்டாள், “அதுக்கப்புறம் நீங்க சுமையே தூக்கினதில்லீங்களா?” எனக்குச் சிரிப்பு வந்தது. “ஏன் தூக்கல? எட்டாவது முடிச்சதுலேர்ந்து ஒவ்வொரு பெரிய லீவுலயும் அம்மாகூட உப்பளத்துக்குப் போவேன். கூடை கூடையா தூக்கியிருக்கேன். மனுஷ கனத்துக்குக் கொறையாது.” “அப்ப பயமா இருந்துச்சா?” “இல்ல.” “பின்னாடிதானே ஆள் நின்னு ஏத்தி விட்டிருப்பாங்க? ஏன் பயம் இல்ல?” எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நேரம் முடிந்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.

பதில் கடையில் வைத்துக் கிடைத்தது. சிரப் பெட்டி வந்து இறங்கிய நாள். நான் ஸ்டூலில் ஏறி மேல் தட்டில் அடுக்கினேன், கடைப் பெண் கீழேயிருந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். கனமான பெட்டி. நான் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, என்னை அறியாமல், “உடு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. “இன்னாக்கா?” என்றாள். “கைய எடு, நான் புடிச்சிக்கினேன்” என்றேன். பெட்டியை வைத்துவிட்டு ஸ்டூல் மேலேயே கொஞ்ச நேரம் நின்றேன். பாய் கல்லாவிலிருந்து, “என்னம்மா, தலை சுத்துதா?” என்று கேட்டார்.

உப்பளத்தில் கூடையைத் தனியாகத் தலையில் ஏற்ற முடியாது. பாத்தியில் ஒருத்தி கூடையை நிரப்புவாள், தூக்குகிறவள் “போதும்” என்றால் நிறுத்த வேண்டும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தூக்குவார்கள். தூக்குகிறவள் தலையில் சும்மாட்டுத் துணியைச் சரி பண்ணி, கழுத்தை நிமிர்த்தி, காலை அகட்டி நிற்பாள். ஏற்றி விடுகிறவள் கூடையின் கனத்தைத் தன் கையிலேயே தாங்கிக்கொண்டு காத்திருப்பாள். கீழே நிற்கிறவள் “உடு” என்றால்தான் கையை எடுக்க வேண்டும். உப்புக் கூடை கழுத்தை ஒடிக்கிற கனம், அதனால் அந்த ஒரு சொல்லை எல்லாரும் மதித்தார்கள். கூலி பேச வாய் வராத பெண்கள்கூட அந்தச் சொல்லை மட்டும் அதிகாரமாகத்தான் சொல்வார்கள். அம்மாவும் சொல்வாள். வேறெங்கும் அவளுக்கு அந்தக் குரல் வந்து நான் கேட்டதில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள், அவசரப்பட்டு முன்னாலேயே விட்டுவிடுவார்கள். அப்படி ஒருத்தி என் அம்மா தலையில் விட்டாள். அம்மா தடுமாறி முட்டி போட்டு விழுந்தாள், உப்பெல்லாம் வரப்பில் கொட்டியது. வந்து கத்தியது மேஸ்திரி. அம்மாவை அல்ல, அந்தப் புது ஆளை. “அவ உடுன்னு சொன்னாளா? சொல்லாம ஏண்டி உட்ட? கழுத்து ஒடிஞ்சா நீயா கட்டி விடுவ?” உப்பளம் முழுக்கக் கேட்டது. அந்த மேஸ்திரியின் மகள்தான் என் மேல் கேட்காமல் ஏறியவள். என்னைக் கேட்காமல் ஏறியதும் நான் சொல்லியும் இறங்காததும்தான் என்னை உடைத்திருக்கின்றன, கனம் உடைக்கவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி, பாயிடம், “தலை சுத்தல, இப்பதான் நிக்குது” என்றேன். அவர் குழப்பமாகப் பார்த்துவிட்டு ஒரு டீ சொல்லி அனுப்பினார்.

இந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் ‘கெட் டுகெதர்’ என்று ஆரம்பித்தார்கள். அனுமந்தைப் பக்கம் கடலோரத்தில் ஒரு ரிசார்ட். முன்னால் நின்று நடத்துகிறவள் மேஸ்திரி மகள். எட்டாம் வகுப்போடு போனவள் எப்படி எங்கள் பேட்ச்சுக்குத் தலைவி ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை, சிலருக்கு அது பிறவியிலேயே வந்துவிடுகிறது. போக வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை என்று கவுன்சிலிங் பெண் சொன்னாள். கட்டாயம் இல்லை என்பதால்தான் போனேன். அந்த ஊரும் கடலும் எனக்கும் சொந்தம். அவர்களுக்காக நான் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்?

பிரியாணி சாப்பிட்டோம். பழைய போட்டோ பார்த்தோம். எல்லாரும் குண்டாகியிருந்தார்கள், எல்லாரும் எல்லாரையும் பார்த்து, “அப்படியேதாண்டி இருக்க” என்று பொய் சொன்னார்கள். சாப்பிட்ட பிறகு, பழைய விளையாட்டு விளையாடலாம் என்று ஒருத்தி சொன்னாள். பாண்டி கட்டம் போட்டார்கள். நான் ஓரமாக நின்று கை கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. அத்தனை வருடம் கழித்தும் என் முதுகு அந்த ஓட்டத்தை அடையாளம் கண்டுகொண்டது. தோளில் இரண்டு கையும் விழுந்தன. “உப்பு மூட்டை ஒரு ரவுண்டு! ஏ, வீடியோ எடுங்கடி!”

நான் முழங்கையை வீசவில்லை. கீழே குனிந்து தப்பிக்கவும் இல்லை. திரும்பி நின்று மேஸ்திரி மகளின் கையைத் தோளிலிருந்து எடுத்து அவளிடமே விட்டேன். “ஏறாத” என்றேன். “நான் உன்ன ஏறச் சொல்லல. அன்னிக்கும் சொல்லல.”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மொபைல் பிடித்திருந்தவள் கையைக் கீழே இறக்கினாள். “ஏய், வெளையாட்டுக்குடி. இன்னுமா அதயெல்லாம் மனசுல வச்சிக்கினு இருக்க?” என்றாள் மேஸ்திரி மகள்.

“ஆமா, வச்சிக்கினுதான் இருக்கேன்” என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பேசினேன். “உனக்கு வெளையாட்டு. எனக்கு இன்னிக்கும் பஸ்ல முன் சீட்டுல உக்கார முடியல. எம் புள்ளய முதுகுல தூக்க முடியல. மாத்திர சாப்பிடுறேன். உங்க அப்பாவ எனக்குத் தெரியும். உப்பளத்துல எவளாவது கேக்காம கூடைய உட்டா, அவ உடுன்னு சொன்னாளான்னு கத்துவாரு. கூலிக்கு வந்தவ தலைக்கு உங்க அப்பா அந்த மரியாதய குடுத்தாரு. கூடப் படிச்சவ முதுகுக்கு நீ குடுக்கல. எறங்கு எறங்குன்னு எவ்வளவு கத்தியிருப்பேன்? ஒருத்தியாவது எறங்கினீங்களாடி?”

பிறகு அழ ஆரம்பித்தது யார் தெரியுமா? அவள்தான். உடனே நாற்காலி வந்தது, தண்ணீர் பாட்டில் வந்தது, ஒருத்தி முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். “விடுடி, மன்னிச்சிடு, ஆண்டவரே எழுபது தடவ ஏழு தடவ மன்னிக்கச் சொல்லியிருக்காரு” என்று ஒருத்தி என்னிடம் வந்தாள். “அவரு சொன்னாரு, சரி. அவ கேட்டாளா?” என்றேன். உப்பைத் தின்றவள் தண்ணி குடிக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு என் பையை எடுத்தேன். ரிசார்ட் கேட் பக்கத்தில் ஒருத்தி பின்னாலேயே வந்தாள். எங்கள் வகுப்பில் அதிகம் பேசாதவள். முன்பக்கமாகச் சுற்றி வந்து நின்று, “நானும் ஏறியிருக்கேன், எனக்கு ஞாபகம் இருக்குது, தப்புதான்” என்றாள். சரி என்று தலையாட்டினேன். அவளை மன்னித்தேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் அவள் முன்பக்கமாக வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நான் விலகிவிடுவேன் என்று எதிர்பார்த்தார்கள். விலகவில்லை. இன்னும் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற குட்மார்னிங் பூக்களையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேண்டுமானால் அவர்கள் போகட்டும்.

அடுத்த ஞாயிறு சாயங்காலப் பூசை முடிந்து, மகளும் நானும் உப்பள வரப்பு வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். ரோட்டைச் சுற்றினால் நேரமாகும் என்று அந்தக் குறுக்கு வழி. பாதி தூரத்தில் அவள் செருப்பு வார் அறுந்துவிட்டது. வரப்பெல்லாம் காய்ந்த உப்புக் கல், வெறுங்காலுக்கு முள் மாதிரி குத்தும். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். காலை ஓரமாக மடக்கி மடக்கி வைத்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, ‘தூக்கும்மா’ என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

நின்றேன். அவளுக்கு முன்னால் போய், முதுகைக் காட்டிக் குந்தினேன். காது அடைத்துக்கொண்டு வந்தது, கை வேர்த்தது. எல்லாம் பழையபடிதான் வந்தது. வரட்டும் என்று இருந்தேன். “வா” என்றேன்.

“வேணாம்மா. நான் வெயிட்டு.”

“வெயிட்டெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா ஒன்னு. கைய தோள் மேல வச்சிக்கினு நில்லு. நான் உடுன்னு சொல்ற வரைக்கும் ஏறக் கூடாது. எறங்குன்னு சொன்னா எறங்கிடணும். சரியா?”

சரி என்றாள். பின்னால் உப்புக் கல்லில் அவள் கால் வைக்கிற சத்தம் கேட்டது. தோளில் கை வைப்பதற்கு முன், என் காதுக்குப் பக்கத்தில் மெதுவாக, “அம்மா, நான்தாம்மா” என்றாள். அந்தச் சின்னக் கை இரண்டும் தோளில் உட்கார்ந்தன. கழுத்தை நிமிர்த்திக்கொண்டேன். காலை அகட்டிக்கொண்டேன். மூச்சு ஒழுங்காக வருகிற வரைக்கும் அவள் காத்துக்கொண்டிருந்தாள். “உடு” என்றேன். ஏறினாள். எழுந்து நடந்தேன்.

கனமாகத்தான் இருந்தாள். கூவச் சொல்லி அவள் கேட்கவில்லை, நானும் கூவவில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் வேண்டுமென்றே நின்றேன். “எறங்கு” என்றேன்.

வார்த்தை முடிவதற்குள் அவள் கால் தரையில் இருந்தது. வெறுங்காலோடு உப்புக் கல் மேல் நின்றுகொண்டு, “இன்னாம்மா, வலிக்குதா?” என்றாள்.

வலிக்கவில்லை. குழாயடியிலிருந்து புங்க மரம் வரைக்கும் நான் கத்திய எல்லா “எறங்கு”க்கும் சேர்த்து ஒருத்தி இறங்கி நிற்கிறாள் என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்? அழுகை வந்தது, அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குந்தினேன். “ஒன்னுமில்ல, வா” என்றேன். கையைத் தோளில் வைத்தாள். வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

“ஏண்டி, ஏறலியா?”

“நீ இன்னும் சொல்லலியே” என்றாள்.

“உடு” என்றேன்.